இளமை நட்பும் மறைத்த செய்தியும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

நான் மேடையேறிப் பழகியவன் அல்லேன். பள்ளி இறுதித் தேர்வோடு கல்வியை முடித்துக்கொண்டு, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளுக்கும் பதிவேடுகளுக்கும் இடையே காலம் கழித்து வருபவன். ஆண்டுதோறும் இவ்விழாவில் தோரணம் கட்டுவதிலும் நாற்காலி எண்ணுவதிலும் எனக்குப் பங்கு உண்டு. ஒலிபெருக்கியின் முன் நிற்பது இதுவே முதல் தடவை. நமது செயலாளர் என்னை அழைத்து, “இந்த ஆண்டு நீர் நட்பைப் பற்றிப் பேச வேண்டும்” என்று பணித்தபோது, எளிய பொருள்தானே என்று இசைந்துவிட்டேன். வீட்டிற்குச் சென்று எண்ணிப் பார்த்த பிறகுதான், அது எளிய பொருள் அன்று என்பது புலப்பட்டது.

திருவள்ளுவப் பெருந்தகை இப்பொருளுக்கென்று அடுத்தடுத்து ஐந்து அதிகாரங்களை ஒதுக்கியிருக்கிறார். 79ஆம் அதிகாரம் நட்பு; 80 நட்பாராய்தல்; 81 பழைமை; 82 தீ நட்பு; 83 கூடா நட்பு. இந்த வரிசையைப் பாருங்கள். ஆராய்ந்து நட்புக் கொள் என்று சொன்னவர், அடுத்த அதிகாரத்திலேயே பழைய நண்பர் செய்யும் பிழையைப் பொறுத்துக்கொள் என்கிறார். அதற்கும் அடுத்த அதிகாரத்தில், தீயவரின் நட்பை விட்டு விலகு என்கிறார். பொறுப்பதும் கடமை, விலகுவதும் கடமை என்றால், எதைப் பொறுப்பது, எதை விட்டு விலகுவது? சிறு வயது முதல் உடன் வளர்ந்த ஒருவன் பிழை செய்யும்போது, அது பழைமை என்ற அதிகாரத்தைச் சேர்ந்ததா, தீ நட்பு என்ற அதிகாரத்தைச் சேர்ந்ததா என்று நாம் எவ்வாறு கண்டுகொள்வது? இந்த ஒரு கேள்விக்கு மட்டும் எனக்குத் தெரிந்த அளவில் விடை தேட முயல்கிறேன்.

முதலில் என் சிறு கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் இதே வலியசாலையில் வளர்ந்தவன். காந்தளூர் மகாதேவர் ஆலயமும், சுவரோடு சுவர் ஒட்டிய அக்கிரகாரத்து வீடுகளும், ஒருபுறம் கிள்ளியாறும், மறுபுறம் சாலைக் கடைத்தெருவின் இரைச்சலுமே என் இளமை உலகம். முதலாம் இராசராச சோழனின் மெய்க்கீர்த்தியில் இடம்பெறும் காந்தளூர்ச் சாலை இதுவே என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டுப் பெருமிதத்தோடு நடந்த பையன்கள் நாங்கள். எனக்கு ஓர் உயிர்த் தோழன் இருந்தான். இருவரும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. எட்டாம் வகுப்பில் அரைப்பரீட்சைக் கணக்கில் நான் தவறிவிட்டேன். மதிப்பெண் அட்டையை என் தந்தையாரிடம் நீட்டத் துணிவு இல்லை. அப்போது அவன் என்னை ஆலயக் குளத்தின் படிக்கட்டிற்கு அழைத்துச் சென்று, என் தந்தையாரின் கையொப்பத்தை அச்சாக அப்படியே போட்டுக் கொடுத்தான். “வீட்டில் சொல்லாதே, இது நம் இருவருக்குள் இருக்கட்டும்” என்றான்.

அன்று அவனைவிட மேலான நண்பன் இவ்வுலகில் இல்லை என்று நினைத்தேன். அந்த நினைப்பில் ஒரு பிழை இருந்தது. அதை நான் உணர்வதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அதைப் பின்னர்ச் சொல்கிறேன். அதற்கு முன், என்னைப் போன்ற சாதாரண மனிதன் ஒருவனின் அனுபவத்தைவிட ஆயிரம் மடங்கு உயர்ந்த ஒருவரின் அனுபவத்தை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

அவர் நமது நகரத்திற்கு அந்நியர் அல்லர். வைக்கம் சத்தியாக்கிரகத்தை ஒட்டி 1925ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் திருவிதாங்கூருக்கு வந்தபோது திருவனந்தபுரத்திற்கும் வந்தார். 1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியாயிற்று. அடுத்த 1937 சனவரியில் மீண்டும் இங்கு வந்து, அதுவரை வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த மக்களும் வழிபட வழி திறந்துவிட்ட பத்மநாபசுவாமி ஆலயத்தினுள் சென்று வணங்கினார். ஆம், காந்தியடிகளைத்தான் சொல்கிறேன். அவர் முதன்முறை நம் ஊருக்கு வந்த அந்த 1925ஆம் ஆண்டின் இறுதியில், ‘நவஜீவன்’ இதழில் தம் வாழ்க்கை வரலாற்றைத் தொடர்ந்து எழுதத் தொடங்கினார். தமிழில் நாம் ‘சத்திய சோதனை’ என்று படிக்கும் அந்த நூலில், ஓர் இளமைத் தோழனைப் பற்றி அவர் எழுதியிருப்பது என் நெஞ்சை விட்டு அகலாதது.

ராஜ்கோட்டில் உயர்நிலைப் பள்ளியில் படித்த நாளில் அவருக்கு நெருங்கிய நண்பர்கள் என்று சொல்லத்தக்கவர் இருவர். அவர்களுள் இரண்டாமவன் முதலில் அவருடைய அண்ணனின் தோழன். இவனோடு அவர் பழகத் தொடங்கியதால் முதல் நண்பன் அவரை விட்டு விலகிப் போனான். புதிய தோழன் உடல் வலிமை மிக்கவன், வேகமாக ஓடுவான், உயரமும் நீளமும் தாண்டுவான், அடி வாங்கினாலும் கலங்கமாட்டான். மோகன்தாசரோ இருட்டுக்கு அஞ்சுபவர்; பேய், திருடன், பாம்பு ஆகிய மூன்றையும் எண்ணி, விளக்கு இல்லாமல் உறங்கமாட்டார். தம்மிடம் இல்லாத ஒன்றைப் பிறரிடம் கண்டால் மனம் மயங்குவது இளமையின் இயல்பு. அந்த மயக்கத்தில் அந்த நட்பு வேரூன்றியது.

தாய் எச்சரித்தார், அண்ணன் எச்சரித்தார், மனைவி கஸ்தூரிபாயும் எச்சரித்தார். மனைவியின் சொல்லைக் கணவன் என்ற செருக்கினால் அவர் ஏற்கவில்லை. தாயிடமும் அண்ணனிடமும், “அவனிடம் உள்ள குறைகளை நான் அறிவேன், ஆனால் நிறைகளும் உண்டு, நான் அவனைத் திருத்தவே பழகுகிறேன்” என்ற பொருள்பட விடை கூறினார். அவர்கள் முற்றும் ஒப்பவில்லையாயினும் அதற்குமேல் தடுக்கவில்லை. எத்தனை வீடுகளில் எத்தனை பிள்ளைகள் இதே விடையைக் கூறியிருக்கிறார்கள்!

பிறகு நடந்தது என்ன? மாமிசம் உண்டால் வலிமை வரும், வலிமை வந்தால் ஆங்கிலேயரை வெல்லலாம் என்று அந்தத் தோழன் போதித்தான். வைணவ நெறியில் ஊறிய குடும்பம். பெற்றோர் அறிந்தால் நெஞ்சு வெடித்துவிடும். ஆகவே எல்லாம் இரகசியமாக நடக்கவேண்டியதாயிற்று. ஆற்றங்கரையில் யாரும் இல்லாத இடம் தேடி முதல் நாள் உண்டார். ஆட்டிறைச்சி தோலைப் போல் கடினமாக இருந்தது, விழுங்க இயலவில்லை. அன்றிரவு கண்ணை மூடும்போதெல்லாம் ஓர் உயிருள்ள ஆடு வயிற்றுக்குள் கதறுவது போல் தோன்றிற்று என்று எழுதுகிறார். ஆயினும் விடவில்லை. பின்னர் சமஸ்தானத்து மாளிகை ஒன்றில், சமையற்காரனைக் கைக்குள் போட்டுக்கொண்டு, மேசையும் நாற்காலியுமாகத் தோழன் விருந்து ஏற்பாடு செய்தான். ஏறக்குறைய ஓராண்டுக் காலத்தில் இத்தகைய விருந்து ஐந்தாறு முறை நடந்தது.

அன்பர்களே, இந்த இடத்தில்தான் நாம் சற்று நிற்கவேண்டும். மாமிசம் உண்பது சரியா, தவறா என்பது இன்று நமது பேச்சு அன்று. அது அவரவர் குலவழக்கையும் கொள்கையையும் பொறுத்தது. காந்தியடிகளைச் சுட்டது வேறு ஒன்று. வெளியே விருந்துண்ட நாட்களில் வீட்டில் உண்ண முடியாது. தாய் சாப்பிட அழைப்பார். “பசியில்லை அம்மா; சீரணம் சரியில்லை” என்று பிள்ளை பொய் சொல்வான். பெற்ற தாயின் முகத்தைப் பார்த்துச் சொன்ன அந்தப் பொய்தான் அவரை அரித்தது. இறுதியில், பெற்றோர் உயிரோடு இருக்கும் வரை மாமிசம் தொடுவதில்லை என்று முடிவு செய்து, அதைத் தோழனிடமும் கூறிவிட்டார். விருந்து நின்றது, ஆனால் தோழமை நிற்கவில்லை.

அந்தத் தோழன் அவரைத் தகாத வீடு ஒன்றிற்கும் அழைத்துச் சென்றான். கூச்சத்தால் வாய் திறவாமல் அமர்ந்திருந்தவர் கடவுள் அருளால் தப்பினார். கணவனுக்கும் மனைவிக்கும் இடையே ஐயத்தை மூட்டினான். அவன் சொல்லை நம்பி மனைவிக்கு இழைத்த கொடுமைக்காக அவர் தம்மைத் தாமே ஒருபோதும் மன்னித்துக்கொள்ளவில்லை.

இதே பருவத்தில், பதினைந்து வயதில், வேறொரு நிகழ்ச்சி. அண்ணனுக்கு ஏறக்குறைய 25 ரூபாய் கடன் ஏற்பட்டிருந்தது. அதை அடைக்க அண்ணனின் கையில் இருந்த தங்கக் காப்பிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்தார். கடன் தீர்ந்தது, மனச்சுமை தீரவில்லை. நோயுற்று மரப்பலகையில் படுத்திருந்த தந்தையிடம், குற்றத்தை எழுதி, தண்டனையும் வேண்டி, நடுங்கும் கையோடு சீட்டை நீட்டினார். தந்தை எழுந்து அமர்ந்து படித்தார். கண்ணீர் முத்துக்களாக வழிந்து தாளை நனைத்தது. சிறிது நேரம் கண்ணை மூடி இருந்தார். பிறகு சீட்டைக் கிழித்தெறிந்துவிட்டு மீண்டும் படுத்துக்கொண்டார். ஒரு சொல் கடிந்து பேசவில்லை. ஓர் அடி அடிக்கவில்லை.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தங்கத்தைத் திருடிய செய்தியைத் தந்தையிடம் சொல்லிவிட்டார். அந்தக் குற்றம் அன்றோடு முடிந்தது. மாமிச விருந்தின் செய்தியைச் சொல்லவில்லை. பெற்றோர் கடைசி வரை அதை அறியவே இல்லை. 1885இல் தந்தையும் 1891இல் தாயும் அதை அறியாமலே மறைந்தார்கள். சொல்லிவிட்ட குற்றம் அவரை விடுவித்தது. சொல்லாத செய்தியைப் பகிர்ந்துகொண்ட தோழனோ அவர் வாழ்வில் தங்கிவிட்டான். இதில் ஒரு தொடர்பு இருக்கிறது என்பது என் எளிய எண்ணம். இருவர் சேர்ந்து மறைக்கும் செய்தி ஒரு கயிறு போன்றது. அன்பினால் பிணைந்திருக்கிறோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். உண்மையில் அந்தக் கயிறே கட்டியிருக்கும்.

ஆண்டுகள் சென்றன. 1893இல் காந்தியடிகள் தென்னாப்பிரிக்கா சென்றார். தர்பன் நகரில் வழக்குரைஞராகத் தொழில் நடத்தித் தனி வீடு ஏற்படுத்திக்கொண்டபோது, இந்த இளமைத் தோழனும் அங்கே அவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்தான். நடத்தை சரியில்லை என்று தெரிந்தும், தம்மிடம் மட்டும் உண்மையாக இருப்பான் என்று அடிகள் நம்பினார். அதே வீட்டில் அவருடைய அலுவலக எழுத்தர் ஒருவரும் தங்கியிருந்தார். தோழன் அந்த எழுத்தர்மீது பொறாமை கொண்டு, அவரைப் பற்றி ஐயம் எழும்படி சூழ்ச்சி செய்தான். மனம் புண்பட்ட எழுத்தர் வீட்டையும் வேலையையும் விட்டு வெளியேறினார்.

பின்பு ஒருநாள் நண்பகல். வழக்கமான சமையற்காரர் விடுப்பில் சென்றிருந்ததால் புதிதாக வந்த ஒருவர் மூச்சிரைக்க அலுவலகத்திற்கு ஓடிவந்து, உடனே வீட்டிற்கு வருமாறு அழைத்தார். வின்சென்ட் லாரன்ஸ் என்ற எழுத்தரையும் உடன் அழைத்துக்கொண்டு அடிகள் சென்றார். சமையற்காரர் மாடியில் ஓர் அறையைச் சுட்டிக்காட்டினார். கதவைத் தட்டினார், விடையில்லை. சுவர் அதிரத் தட்டினார், கதவு திறந்தது. உள்ளே ஒரு விலைமகள் இருந்தாள். நம்பி இடம் கொடுத்த வீட்டில், நம்பிக்கைக்குச் செய்த துரோகம் கண்முன் நின்றது. அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டு, தோழனையும் அந்தக் கணமே வீட்டை விட்டு வெளியேறும்படி சொன்னார்.

அப்போது அந்தத் தோழன் என்ன செய்தான் தெரியுமா? மன்னிப்புக் கேட்கவில்லை. “உன்னைப் பற்றிய செய்திகளை வெளியிட்டுவிடுவேன்” என்று மிரட்டினான். சிறு வயதிலிருந்து சேர்த்துவைத்த இரகசியங்களெல்லாம் அன்று அவன் கையில் கத்தியாக மாறின. ஆனால் அடிகள் அஞ்சவில்லை. தம்மிடம் மறைக்க ஒன்றும் இல்லை, தாம் செய்ததையெல்லாம் தாராளமாகச் சொல்லலாம், ஆனால் உடனே வெளியேறியாக வேண்டும் என்றார். அவன் இன்னும் முரண்டவே, போலீசாரின் உதவியைக் கேட்டு வரும்படி லாரன்ஸை அனுப்ப முற்பட்டார். அதன் பின்னரே அவன் பணிந்து, மன்னிப்புக் கேட்டு வெளியேறினான்.

பெரியோர்களே, கத்தியைக் கண்டு ஒருவர் அஞ்சாமல் நிற்கிறார் என்றால், குத்துவதற்கு அங்கே இடம் இல்லை என்பது பொருள். எந்த மனிதன் தன் குற்றத்தைத் தானே சொல்லத் துணிந்துவிட்டானோ, அவனை யாராலும் மிரட்ட முடியாது. நோயாளித் தந்தையின் முன் சீட்டை நீட்டிய அந்தச் சிறுவனின் துணிவே, பத்து ஆண்டுகளுக்குப் பின் தர்பன் நகரத்து மாடியில் அவரைக் காப்பாற்றியது என்று நான் கருதுகிறேன்.

ஆனால் சேதம் இல்லாமல் முடியவில்லை. வெளியேறிய எழுத்தருக்கு இழைத்த அநீதியை ஈடு செய்ய எவ்வளவோ முயன்றும், அவர் மனத்தை முழுதும் ஆற்ற இயலவில்லை என்று அடிகளே வருந்துகிறார். உண்மையைக் காட்டிய புதிய சமையற்காரரும், இவ்வளவு எளிதில் ஏமாறுகிற வீட்டில் இருக்கமாட்டேன் என்று போய்விட்டார். ஒரு நண்பனைப் பொறுத்துக்கொண்டதற்காக உண்மையான ஊழியர் இருவரை இழக்க நேர்ந்தது. முன்னர் ஒரு நல்ல நண்பனையும் இழந்தார் அன்றோ? தீ நட்பின் விலையை நாம் மட்டும் கொடுப்பதில்லை. நம்மைச் சூழ்ந்த நல்லவர்களும் சேர்ந்து கொடுக்கிறார்கள்.

பெரும்பாலோர் இத்தோடு கதையை முடித்துவிடுவர். எனக்கு இதன் பிற்பகுதியே மிகவும் பிடித்தது. அடிகள் தம் நூலில் அந்தத் தோழனைக் குறித்து இத்தனை எழுதியும், அவன் பெயரை ஓர் இடத்திலும் எழுதவில்லை. தம் குற்றங்களை உலகறியச் சொன்னவர், நண்பனின் பெயரைக் காத்தார். ஷேக் மேத்தாப் என்பது அவர் பெயர் என்று பிற்கால ஆராய்ச்சியாளர்களே எழுதினார்கள். பெயரைக் கேட்டு எவரும் தவறாக எண்ணவேண்டாம். அடிகளைத் தென்னாப்பிரிக்காவிற்கு அழைத்ததே தாதா அப்துல்லாவின் நிறுவனந்தான். சத்தியாக்கிரகத்தில் அவருக்குத் தோளோடு தோள் நின்றவர் அகமது முகமது கச்சாலியா. குற்றம் மனிதனுடையது, மதத்தினுடையது அன்று.

இந்த மேத்தாப் பின்னர்த் தென்னாப்பிரிக்காவிலேயே தங்கி, குடும்பம் அமைத்துக்கொண்டார். சத்தியாக்கிரகப் போராட்டம் எழுந்தபோது அதைப் போற்றிப் பாடல்கள் எழுதினார்; அவை அடிகளின் ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் வெளியாயின. 1913ஆம் ஆண்டுப் போராட்டத்தில் அவருடைய மனைவி பாத்திமா தம் தாயோடு சிறை சென்றார். அதே போராட்டத்தில்தான் நம் தமிழ்ப் பெண்கள் அணியணியாகச் சிறை புகுந்தார்கள். தில்லையாடி வள்ளியம்மை சிறையில் நோயுற்று, 1914 பிப்ரவரி 22ஆம் நாள், பதினாறே வயதில் உயிர் நீத்தாள். யாரை வீட்டிலிருந்து வெளியேற்றினாரோ, அவருடைய குடும்பமே அடிகளின் கொள்கைக்காகச் சிறைக்கதவைத் தட்டியது. வீட்டுக் கதவை அடைத்தவர் மனக்கதவை அடைத்திருந்தால் இது நடந்திருக்குமா?

இனி, என் கதையின் எஞ்சிய பகுதிக்கு வருகிறேன். மதிப்பெண் அட்டையில் எனக்காகக் கையொப்பமிட்ட அந்தத் தோழன், பல ஆண்டுகள் கழித்து என்னிடம் வந்து ஒரு கையொப்பம் கேட்டான். ஒரு கடன் சங்கத்தில் ஒன்றரை லட்சம் ரூபாய் கடன் வாங்குகிறான். நான் ஜாமீன் நிற்கவேண்டும். “உன் வீட்டில் சொல்லாதே, பெண்கள் பயப்படுவார்கள்” என்றான். குளத்துப் படிக்கட்டில் கேட்ட அதே குரல்! நானும் மறுசொல் சொல்லாமல் கையொப்பமிட்டேன். சில மாதங்கள் தவணை கட்டினான், பிறகு நிறுத்திவிட்டான். தொழிலில் இட்ட பணம் என்று என்னிடம் சொல்லியிருந்தான். உண்மையில் பழைய வட்டிக்கடன் ஒன்றை அடைக்க வாங்கியிருந்தான். தவணை என் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. மாதந்தோறும் ஒரு காரணம் சொல்லி வீட்டில் சமாளித்தேன். ஒருநாள் என் சட்டைப் பையில் இருந்த சம்பளச் சீட்டை என் மனைவி பார்த்துவிட்டாள்.

அவள் சத்தமிடவில்லை. “பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டு வருஷம் எனக்கு இது தெரியாமல் போயிற்றே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை” என்றாள். அன்று வரை, என் நண்பன் எனக்குத் துரோகம் செய்துவிட்டான் என்று மனத்திற்குள் குமைந்துகொண்டிருந்தேன். அந்த ஒரு சொல்லைக் கேட்ட பிறகுதான், அவன் எனக்குச் செய்ததை நான் இவளுக்குச் செய்திருக்கிறேன் என்பது உறைத்தது. தந்தைக்குத் தெரியாமல் கையொப்பம் வாங்கிய பையன், மனைவிக்குத் தெரியாமல் கையொப்பம் போடும் மனிதனாக வளர்ந்திருந்தான், அவ்வளவுதான் வித்தியாசம்.

மறுநாள் நாங்கள் இருவரும் சேர்ந்தே அவன் வீட்டிற்குச் சென்றோம். அவன் மனைவிக்கும் அந்தக் கடன் தெரியாது. நான்கு பேரும் தரையில் அமர்ந்து, காகிதத்தில் கணக்கு எழுதினோம். இரண்டு வீட்டிலும் அன்று அழுகைதான். ஆனால் அன்றிரவு நெடுநாளைக்குப் பிறகு நான் நிம்மதியாக உறங்கினேன். அவன் சிறுகச் சிறுகத் திருப்பித் தருகிறான். சில மாதம் தவறும். பழைய நெருக்கம் திரும்பவில்லை. அவனுக்காக இனி எந்தத் தாளிலும் கையொப்பமிடமாட்டேன் என்று அவனிடமே சொல்லிவிட்டேன். ஆனால் சென்ற ஆண்டு அவன் தாயார் காலமானபோது, பாடை தூக்கிய தோள்களில் என் தோளும் ஒன்று. சிறு வயதில் எனக்குச் சோறு போட்ட கை அந்த அம்மையாரின் கை. இதை இங்கே சொல்ல அவனிடம் அனுமதி கேட்டேன். “சொல், என் பெயரை மட்டும் விட்டுவிடு” என்றான். ஆகவே யாரென்று நீங்களும் தேடவேண்டாம்.

இப்போது நான் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். பொறுக்கவேண்டிய பிழை எது, விலகவேண்டிய நட்பு எது? எனக்குத் தெரிந்த அடையாளம் ஒன்றுதான். அந்த நட்பு நம்மை எதை மறைக்கச் சொல்கிறது என்று பாருங்கள். நண்பன் கடுஞ்சொல் சொன்னான், நேரத்திற்கு வரவில்லை, உரிமையோடு ஒரு பொருளை எடுத்துக்கொண்டான், இவையெல்லாம் பழைமை, பொறுத்துக்கொள்ளலாம். நண்பனின் வறுமையை, நோயை, குடும்பத்துத் துயரை நாம் வெளியே சொல்லாமல் காப்பதும் நட்பின் கடமையே. அந்த இரகசியம் அவனுடைய மானத்தைக் காக்கிறது. ஆனால் நமக்கு உரியவர்களிடம் நாம் பொய் சொன்னால்தான் ஒரு நட்பு நிலைக்கும் என்றால், அந்த நட்பில் கோளாறு புகுந்துவிட்டது என்று பொருள். குறையைப் பொறுப்பது வேறு. குறைக்கு உடந்தையாவது வேறு.

இளஞ்செல்வங்களே, உங்களுக்கு ஒரு சொல். “வீட்டில் சொல்லாதே” என்று எந்த நண்பன் சொன்னாலும், ஏன் என்று ஒருமுறை உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். இன்று அந்தச் சொல் குளக்கரையில் வராமல் கையில் உள்ள தொலைபேசியில் வரலாம், சொல் ஒன்றே. அவனைத் திருத்தத்தான் பழகுகிறேன் என்று உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்ளாதீர்கள். காந்தியடிகளாலேயே இயலாத காரியம் அது. திருத்த விரும்புகிறவன் உடன் கலந்து நின்று திருத்த முடியாது என்பதே அவர் கண்ட முடிவு.

பெற்றோர்களே, பெரியோர்களே, நமக்கும் ஒரு சொல். பிள்ளை சீட்டை நீட்டும்போது கரம்சந்த் காந்தி நடந்துகொண்ட விதத்தை நினைவில் வைப்போம். அன்று என் தந்தையார் கணக்கு மதிப்பெண்ணுக்காக என்னை அடிப்பார் என்ற அச்சம் இல்லாதிருந்தால், நான் குளக்கரைக்குப் போயிருக்கமாட்டேன். பயம் இருக்கும் வீட்டில்தான் பொய் நுழைகிறது. மேலும், சொந்த ஊரில் என்றால் அப்பாவிடம் சொல்ல அஞ்சும் பிள்ளை அத்தையிடம் சொல்லும், சித்தப்பாவிடம் சொல்லும், பாட்டியின் மடியில் படுத்துக்கொண்டு சொல்லும். பிழைப்பிற்காக ஊர்விட்டு வந்த நமக்கு அந்த உறவுகள் பக்கத்தில் இல்லை. நெல்லையிலும் மதுரையிலும் தஞ்சையிலும் விட்டுவந்த அந்த அத்தைகளும் சித்தப்பாக்களும் இந்தக் காலனியில் நாம்தான். அடுத்த வீட்டுப் பிள்ளை முகம் வாடி நின்றால், காது கொடுத்துக் கேட்போம். கேட்டதை ஊருக்குப் பரப்பாமல் உரியவரிடம் பக்குவமாகச் சொல்லி வைப்போம். ஆண்டுக்கு ஒருமுறை கூடிப் பொங்கலிட்டு விருந்துண்பது மட்டும் சங்கத்தின் வேலை அன்று. இதுவும் அதன் வேலைதான்.

கடைசியாக ஒன்று. நம்பிக்கை முறிந்த நட்பை ஒட்டவைக்க முடியாமல் போகலாம், அதற்காகப் பகைக்கவேண்டியதில்லை. சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்வோம். வணக்கம் சொல்வதை நிறுத்தாதிருப்போம். யாருடைய வீட்டுப் பாட்டு நாளை நம் போராட்டத்திற்கு வலிமை தரும் என்பதை இன்று யார் அறிவார்?

தன் வீட்டுக் கதையை ஊரறியச் சொல்ல இசைந்த என் மனைவிக்கு என் நன்றி.